எழுத்தறியாதவர் கைக்கு வந்த நற்செய்தி: செபமாலையின் வரலாறும் பயனும்

திருப்பலி நடக்க ஒரு குரு வேண்டும். திருப்புகழ்மாலை செபிக்கப் புத்தகமும் எழுத்தறிவும் வேண்டும். செபமாலைக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரு கயிறும் சில மணிகளும் இருந்தால் போதும். அவையும் இல்லாவிட்டால் பத்து விரல்கள் போதும். கத்தோலிக்கத் திருச்சபையின் செபங்களுள் எளிய மக்களின் கையிலேயே பிறந்து, அவர்கள் கையிலேயே வளர்ந்து, பிறகு திருத்தந்தையரின் ஏற்பைப் பெற்றது இது. அதன் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும்: புத்தகம் எட்டாதவர்களும் குரு கிடைக்காதவர்களும் நற்செய்தியைத் தம் நினைவிலும் விரலிலும் சுமந்து செல்லக் கண்ட வழியே செபமாலை. அதன் ஆன்மிகப் பயனும் அந்த வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

கூழாங்கல்லிலிருந்து மணிக்கு

செபத்தை எண்ணிச் சொல்லும் பழக்கம் கிறிஸ்தவத் துறவறத்தின் தொடக்கக் காலத்திலேயே இருந்தது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த பெர்மே பவுல் என்ற துறவி, நாள்தோறும் 300 செபங்கள் சொல்வதை நோன்பாகக் கொண்டிருந்தார். 300 கூழாங்கற்களை மடியில் வைத்துக்கொள்வார். ஒரு செபம் முடிந்ததும் ஒரு கல்லை எடுத்துப் போடுவார். மடி காலியானால் அன்றைய நோன்பு முடிந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலைவனத் துறவியரின் வரலாற்றை எழுதிய பல்லாதியுஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஐரோப்பிய மடங்களில் துறவியரின் செபம் விவிலியத்தின் 150 திருப்பாடல்களைச் சுற்றி அமைந்தது. ஆனால் வயலிலும் சமையற்கூடத்திலும் உழைத்த பணிவிடைச் சகோதரர்களுக்கு லத்தீன் தெரியாது. பலருக்கு எழுத்தே தெரியாது. திருப்பாடல்களுக்கு ஈடாக அவர்கள் கர்த்தர் கற்பித்த செபத்தை 150 முறை சொல்லும் வழக்கம் வந்தது. அதை எண்ணுவதற்கு முடிச்சிட்ட கயிறும் மணி கோத்த கயிறும் உதவின. முழுச் செபமாலையில் நெடுங்காலம் இருந்த 150 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். அது எழுத்தறியாதவரின் திருப்பாடல் நூல்.

இந்தப் பழக்கம் மடத்துக்கு வெளியேயும் பரவியிருந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த சீமாட்டி கொடைவா, தாம் செபம் எண்ணப் பயன்படுத்திய மணிக்கற்களின் சரத்தை அன்னை மரியாவின் சுரூபத்துக்கு அணிவிக்குமாறு இறக்கும் முன் சொல்லிச் சென்றதாக 12ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மால்ம்ஸ்பரி வில்லியம் எழுதுகிறார். கொடைவா இறந்தது 1067 வாக்கில். 13ஆம் நூற்றாண்டுப் பாரிசில் செபமணி செய்வது தனித் தொழிலாகவே இருந்தது. எலும்பு, கொம்பில் மணி செய்பவர்களுக்கு ஒரு சங்கம், பவளம், சிப்பியில் செய்பவர்களுக்கு ஒரு சங்கம், அம்பரில் செய்பவர்களுக்கு வேறொன்று என்று தனித்தனியே விதிமுறைகள் இருந்தன. இந்த மணிகள் முதலில் கர்த்தர் கற்பித்த செபத்தை எண்ணுவதற்காகத் தோன்றியவை. மங்கள வார்த்தை செபம் அவற்றில் ஏறியது பிறகுதான்.

ஒரு செபம் உருவான விதம்

இன்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் மங்கள வார்த்தை செபம் முழு வடிவம் பெறப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதன் முற்பாதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தது. கபிரியேல் தூதர் நாசரேத்தில் சொன்ன வாழ்த்தும் (1:28), எலிசபெத்து மலைநாட்டு வீட்டில் சொன்ன வாழ்த்தும் (1:42) அதில் இணைந்திருக்கின்றன. இந்த இரண்டு வாழ்த்துகளையும் சேர்த்துச் சொல்வது 11, 12ஆம் நூற்றாண்டுகளில் பரவியது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் ஆயர் சுல்லி ஓதோ, விசுவாச அறிக்கையோடும் கர்த்தர் கற்பித்த செபத்தோடும் இதையும் மக்களுக்குக் கற்பிக்குமாறு குருக்களுக்குக் கட்டளையிட்டார்.

அந்தக் காலத்தில் எலிசபெத்தின் வாழ்த்தோடு செபம் முடிந்துவிடும். அதன் முடிவில் இயேசுவின் திருப்பெயர் பின்னர் சேர்ந்தது. பாவிகளாகிய நமக்காக இப்பொழுதும் சாகும் வேளையிலும் மன்றாடுமாறு கேட்கும் பிற்பாதி 15ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் பல வடிவங்களில் வழங்கியது. 1568இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட உரோமைச் செபநூலில் அது இன்றைய வடிவில் நிலைபெற்றது. ஆக, முற்பாதி நற்செய்தி தந்தது. பிற்பாதி மக்களின் மன்றாட்டிலிருந்து எழுந்தது. செபமாலையை ஒருவர் தொடங்க மற்றவர்கள் முடிக்கும்போது இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன.

திரியர் மடத்தில் நிகழ்ந்த திருப்பம்

மங்கள வார்த்தை செபத்தை ஐம்பது முறையோ நூற்றைம்பது முறையோ சொல்வது மட்டுமே செபமாலை ஆகிவிடாது. சொல்லும்போது இயேசுவின் வாழ்க்கையை வரிசையாகச் சிந்திப்பதுதான் அதன் உயிர். அந்த உயிர் எங்கே சேர்ந்தது என்பதை ஓரளவு துல்லியமாகவே சொல்ல முடியும்.

இன்றைய ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள திரியர் நகரின் கர்த்தூசியன் மடத்தில், 1409இல் ஓர் இளைஞர் நுழைந்தார். பிரஷ்யாவின் தோமினிக் என்று அவரை அழைப்பார்கள். இளமையைத் தாறுமாறாகக் கழித்து, மனம் நொந்து வந்தவர். மடத்தின் தலைவர் எஸ்ஸன் அதோல்ஃப், ஐம்பது மங்கள வார்த்தை செபங்களை இயேசுவின் வாழ்க்கையை நினைத்தபடி சொல்லுமாறு அவருக்கு அறிவுரை தந்தார். நினைவு ஓரிடத்தில் நிற்பது தோமினிக்குக்கு எளிதாக இல்லை. எனவே ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் இயேசுவின் பெயரோடு ஒரு சிறு தொடரைச் சேர்த்தார். முதல் தொடர் அவர் கன்னியின் வயிற்றில் கருவானதைச் சொல்லும். அடுத்தது எலிசபெத்தின் வீட்டுக்கு அவரைச் சுமந்து மரியா சென்றதை. பிறகு பிறப்பு, துணியில் சுற்றிக் கிடத்தியது, இடையர் வருகை என்று தொடர்ந்து, பாடுகள், மரணம், உயிர்ப்பு, விண்ணேற்றம் வரை ஐம்பது தொடர்கள். செபம் சொல்பவர் ஒவ்வொரு மணிக்கும் நற்செய்தியில் ஓரடி முன்னே நகர்வார்.

அவருக்கு முன்பே இந்த முயற்சி இருந்திருக்கிறது. திரியருக்கு அருகில் கில் ஆற்றங்கரையில் இருந்த சிஸ்டெர்சியன் கன்னியர் மடத்தில், 1300ஐ ஒட்டி எழுதப்பட்ட இத்தகைய தொடர்களின் கையெழுத்துப் படி கிடைத்துள்ளது. அந்தக் கன்னியர் தொடங்கியதைத் தோமினிக்கின் ஐம்பது தொடர்கள் கர்த்தூசியன் மடங்கள் வழியாக ஐரோப்பா எங்கும் கொண்டுசென்றன. அன்னையை நோக்கிய வாழ்த்து, மகனைப் பற்றிய தியானமாக மாறியது இங்கேதான்.

புனித சாமிநாதரும் கொலோன் சபையும்

செபமாலையை அன்னை மரியா நேரடியாகப் புனித சாமிநாதருக்குக் கொடுத்தார் என்ற மரபு நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எத்தனையோ ஆலயங்களின் பீடங்களிலும் ஓவியங்களிலும் அந்தக் காட்சியைக் காண்கிறோம். ஆனால் 1221இல் மறைந்த அவரைப் பற்றிய முதல் வாழ்க்கை வரலாறுகளிலோ, புனிதர் பட்டத்துக்காக 1233இல் திரட்டிய சாட்சியங்களிலோ செபமாலை பற்றிய பேச்சே இல்லை. இந்த மரபைப் பரப்பியவர் அவருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னால் வாழ்ந்த அவர் சபைத் துறவி, பிரெத்தோன் நாட்டு அலன் தெ லா ரோஷ். 18ஆம் நூற்றாண்டில் புனிதர் வரலாற்றை ஆராய்ந்த பொலாந்திய இயேசு சபையினரும், 1900களின் தொடக்கத்தில் ஆங்கில இயேசு சபை அறிஞர் ஹெர்பர்ட் தர்ஸ்டனும் இதை விரிவாக எடுத்துக்காட்டினர். கேள்வியை எழுப்பியவர்கள் திருச்சபையின் குருக்களே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு புனிதர் கையில் வந்ததாக எண்ணுவதைவிட, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான எளியவர்களின் செபத்தில் தூய ஆவியார் பல நூற்றாண்டுகளாக உருவாக்கியது என்று ஏற்பதால் செபமாலையின் மதிப்பு கூடுமே தவிர குறையாது.

சாமிநாதர் சபையின் பங்கு வேறிடத்தில், மிகப் பெரிய அளவில் இருக்கிறது. அலன் 1470இல் துவே நகரில் ஒரு செபச் சபையை நிறுவினார். 1475 செப்டம்பர் 8ஆம் நாள், அன்னையின் பிறந்தநாள் விழாவன்று, கொலோன் நகரில் சாமிநாதர் சபையின் மற்றொரு துறவி யாக்கோப் ஷ்ப்ரெங்கர் செபமாலைச் சபையைத் தொடங்கினார். அதன் விதிகள் அந்தக் காலத்துக்குப் புதியவை. சேரக் கட்டணம் கிடையாது. பெயரை ஏட்டில் எழுதினால் போதும். ஆண், பெண், குரு, பொதுநிலையினர், கூலியாள் எல்லோரும் சமம். பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கின் பெயரும் அதே ஏட்டில் ஏறியது. வாரத்துக்கு மூன்று செபமாலை சொல்ல வேண்டும், தவறினால் பாவமில்லை. இறந்தவர்களின் பெயரையும் சேர்த்து அவர்களுக்காக உறவினர் செபிக்கலாம். அன்றைய ஐரோப்பாவில் பக்திச் சபைகள் பலவற்றில் சேரப் பணம் வேண்டியிருந்தது. அதனால்தான் ஏழைகள் இங்கே திரண்டார்கள். சில ஆண்டுகளிலேயே உறுப்பினர் எண்ணிக்கை இலட்சத்தை எட்டியதாகச் சொல்லப்படுகிறது.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஐம்பது தொடர்களை மனப்பாடம் செய்ய முடியாது, படிக்கவும் தெரியாது. அவர்களுக்கு மரக்கட்டை அச்சுப் படங்கள் வழிகாட்டின. 1483இல் உல்ம் நகரில் அச்சான நூல் ஒன்றில் பதினைந்து படங்கள் மூன்று வரிசையாக நின்றன: மகிழ்ச்சி, துயரம், மகிமை. பத்து மணிக்கு ஒரு படம். கடைசிப் படம் மட்டும் இறுதித் தீர்ப்பைக் காட்டியது. மற்றபடி, தேவ இரகசியங்கள் என்று நாம் இன்று சொல்லும் தியானக் காட்சிகளின் இந்த மூன்று வரிசைகளை ஏறத்தாழ அப்படியே அதில் காணலாம். நீண்ட தொடர்வரிசை பதினைந்து காட்சிகளாகச் சுருங்கியது படிக்காதவர்களுக்காகத்தான்.

1569 செப்டம்பரில் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், பதினைந்து தேவ இரகசியங்களைத் தியானித்தபடி நூற்றைம்பது மங்கள வார்த்தை செபங்கள் சொல்லும் இந்த முறையைத் தம் ஆணையால் உறுதிப்படுத்தினார். இரண்டு ஆண்டுகளில், 1571 அக்டோபர் 7 அன்று, லெப்பாந்தோ கடற்போரில் கத்தோலிக்க நாடுகளின் கூட்டுப்படை ஒத்தோமான் கடற்படையை வென்றது. அந்த வெற்றியைச் செபமாலையின் பயனாக ஐந்தாம் பயஸ் கண்டார். அடுத்து வந்த பதின்மூன்றாம் கிரகோரி 1573இல் அந்த வெற்றியின் நினைவைச் செபமாலை விழாவாக்கினார். போரின் நினைவாகத் தொடங்கிய விழா அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செபமாலையின் உண்மையான வெற்றிகள் போர்க்களத்தில் அல்ல, ஆயுதமற்றவர்களின் வீடுகளில் நடந்தன.

குரு இல்லாத ஊர்களில்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைத் தூத்துக்குடியில் கூட்டி அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கினார். மணியடித்துத் தெருவழியே நடந்து பிள்ளைகளைத் திரட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். தாம் போக முடியாத நோயாளியின் வீட்டுக்கு அந்தப் பிள்ளைகளையே அனுப்பிச் செபிக்கச் செய்தார் என்பது அவருடைய கடிதங்களில் தெரிகிறது. 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலிலும் மங்கள வார்த்தை செபம் இடம்பெற்றது. தமிழில் அச்சேறிய முதல் சொற்களில் இந்தச் செபமும் ஒன்று.

செபமாலை என்ன செய்ய வல்லது என்பதைக் காண யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள், ஆலயங்கள் பறிபோயின, குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பது கடும் குற்றமானது. ஏறத்தாழ முப்பது ஆண்டு காலம் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள், குரு என்று யாரும் அறியாதபடி கந்தலுடுத்திக் கரையிறங்கினார். யாரை நம்புவது? வெளியே எல்லோரும் ஒல்லாந்தரின் கோயிலுக்குப் போகிறவர்கள். பெயரைக் கேட்டுப் பயனில்லை. கேள்வி கேட்டால் காட்டிக்கொடுப்பார்கள். அவர் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நின்றார். அதைப் பார்த்து முகம் மாறாதவர்களைக் கடந்து போனார்; கண் அதன்மேல் தங்கியவர்களைக் கவனித்து வைத்தார். அப்படித்தான் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்களை அவர் கண்டுகொண்டார். சில்லாலையில் தங்கித் தம் பணியைத் தொடங்கினார். 1711இல் கண்டியில் இறக்கும் வரை உழைத்து, சிதறிக் கிடந்த இலங்கைத் திருச்சபையை அவர் எழுப்பினார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சவேரியார் 1549இல் கால்வைத்த ஜப்பானிலும் இதுவே நடந்தது. 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் குருக்கள் ஒருவரும் எஞ்சவில்லை. ஏழு தலைமுறை கழித்து, 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்த உராகாமிக் கிராமத்தார், பிரெஞ்சுக் குரு பெத்திஜானிடம் தங்கள் விசுவாசத்தை மெல்லிய குரலில் அறிக்கையிட்டு, அன்னை மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். ஒசாகாவை அடுத்த இபராக்கி மலைக்கிராமங்களில் மறைத்து வைக்கப்பட்டிருந்த ஓவியங்கள் 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டன. நடுவில் அன்னையும் குழந்தையும், கீழே இஞ்ஞாசியாரும் சவேரியாரும், விளிம்பைச் சுற்றிப் பதினைந்து தேவ இரகசியங்கள். குரு இல்லை, விவிலியம் இல்லை, ஆலயம் இல்லை. இயேசுவின் பிறப்பும் பாடும் உயிர்ப்பும் அந்தப் பதினைந்து காட்சிகளில் இருந்தன.

திரும்பத் திரும்பச் சொல்வது ஏன்?

ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது வீண் பிதற்றல் ஆகாதா என்று பிற சபைச் சகோதரர்கள் கேட்பதுண்டு. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை அவர்கள் சுட்டுவார்கள். இயேசு அங்கே கண்டிப்பது, வார்த்தையின் எண்ணிக்கையால் கடவுளை இணங்கவைக்கலாம் என்ற எண்ணத்தை. அதே நற்செய்தியின் 26ஆம் அதிகாரத்தில் அவரே கெத்சமனியில் அதே வார்த்தைகளைச் சொல்லி மீண்டும் மன்றாடுகிறார். 136ஆம் திருப்பாடலின் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடிகின்றன. துக்கத்திலும் பேரன்பிலும் மனிதர் புதுச் சொல் தேடுவதில்லை. இருக்கும் சொல்லையே மறுபடியும் சொல்கிறார்கள்.

கூறியது கூறலுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. விரல் மணியைப் பிடிக்கிறது. நாக்கு பழகிய சொற்களைச் சொல்கிறது. உடலின் இந்த இரண்டு ஓட்டங்களும் தாமே நடக்க, மனம் பெத்லகேமிலோ கல்வாரியிலோ நிற்க இடம் கிடைக்கிறது. பாட்டுக்குச் சுருதிப்பெட்டி எப்படியோ அப்படித்தான் தியானத்துக்கு மங்கள வார்த்தை செபம். பத்து மணி முடிந்ததும் காட்சி மாறுகிறது. சிந்தனை சிதறினாலும் கை அடுத்த மணிக்குப் போய் அதைத் திரும்பக் கூட்டிவருகிறது.

உடலும் இதில் பங்கு பெறுகிறது என்பதை மருத்துவம் கண்டிருக்கிறது. இத்தாலிய மருத்துவர் லூச்சானோ பெர்னார்டியின் குழு, உடல்நலமுள்ள 23 பேரிடம் நடத்திய ஆய்வை 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டது. மங்கள வார்த்தை செபத்தை லத்தீனில் வரிசையாகச் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாக மெதுவாகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதோடு இசைகின்றன. திபெத்திய மந்திரம் ஒன்றிலும் இதே விளைவு தெரிந்தது. ஆனால் உடல்நலத்துக்காகச் செபமாலை சொல்வதென்பது அதன் நோக்கத்தைத் தவறவிடுவதாகும். அமைதி அடைந்த மனம் யாரை நோக்குகிறது என்பதே முக்கியம்.

திருச்சபையின் போதனையும் இங்கேயே ஊன்றி நிற்கிறது. 1883 தொடங்கிப் பதின்மூன்றாம் லியோ செபமாலையைப் பற்றிப் பத்துக்கு மேற்பட்ட சுற்றுமடல்கள் எழுதி, அக்டோபரைச் செபமாலை மாதமாக்கினார். 1974இல் ஆறாம் பவுல், தியானம் இல்லாத செபமாலை உயிரற்ற உடல் போன்றது என்ற கருத்தை அழுத்தமாகச் சொன்னார். 2002 அக்டோபர் 16 அன்று இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தைச் சேர்த்தார்: யோர்தானில் திருமுழுக்கு, கானா திருமணம், இறையாட்சி அறிவிப்பு, உருமாற்றம், நற்கருணை. அதுவரை செபமாலையில் கோவிலில் காணப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் பிறகு நேரே கெத்சமனிதான். இயேசுவின் போதனை வாழ்வு முழுவதும் விடுபட்டிருந்தது. அந்த இடைவெளி நிரம்பியதோடு, செபமாலை நற்செய்தியின் சுருக்கம் என்ற பெயருக்கு முழுத் தகுதி பெற்றது. அன்னையை அதிகம் புகழ்ந்து கிறிஸ்துவை மறைக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கும் இதுவே பதில். இருபது காட்சிகளில் பதினேழின் நடுவில் இயேசுவே நிற்கிறார். மற்ற மூன்றும், தூய ஆவியாரின் வருகையும் அன்னையின் விண்ணேற்பும் முடிசூட்டும், அவருடைய உயிர்ப்பின் கனிகள்.

தமிழ்க் கத்தோலிக்கரின் துக்க வீட்டில் இதன் பயனை நேரில் பார்க்கலாம். உடல் நடுவீட்டில் கிடக்கிறது. என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மூத்த பெண் ஒருவர் மணியை எடுத்துத் துயர தேவ இரகசியங்களைத் தொடங்குகிறார். அழுது குரல் கட்டிய மகளால் முற்பாதியைச் சொல்ல முடிவதில்லை; பிற்பாதியைக் கூட்டம் சொல்லி முடிக்கிறது. மூன்றாம் பத்திலோ நான்காம் பத்திலோ அவள் குரலும் சேர்ந்துகொள்கிறது. தன் மகனின் சிலுவையடியில் நின்றவளிடம், சாகும் வேளைக்காக நாள்தோறும் கேட்டுவந்த மன்றாட்டு, அந்த வீட்டில் அன்று பொருள் பெறுகிறது. சொந்தச் சொல் இல்லாத நேரத்தில் சபையின் சொல் நம்மைத் தாங்குகிறது.

ஆகவே வேகமாக ஐம்பத்து மூன்று மணியையும் ஓட்டி முடிப்பதில் பெருமையில்லை. நேரம் குறைவானால் ஒரு பத்து மணி போதும். ஒவ்வொரு பத்துக்கும் முன் அந்த நற்செய்திப் பகுதியில் இரண்டு வசனமாவது வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். சிறிது நேரம் மௌனமாயிருந்து, பிறகு மணியைத் தொடுங்கள். இயேசுவின் பெயர் வரும் இடத்தில் சற்றே நில்லுங்கள். திரியர் மடத்து இளைஞர் தம் தொடர்களைச் சேர்த்தது அந்த இடத்தில்தான். புத்தகமும் குருவும் ஆலயமும் இன்று நமக்குக் குறைவின்றிக் கிடைக்கின்றன. இவை எதுவும் இல்லாதவர்கள் செபமாலையால் விசுவாசத்தைக் காத்தார்கள். எல்லாம் இருக்கும் நாம் அதை மாலைக் கடமையாகச் சுருக்கிவிடாமல், குடும்பத்தோடு அமர்ந்து நற்செய்தியைத் தியானிக்கும் நேரமாக்க வேண்டும்.